டிக்கெட் பாதியில் நின்றால் பணம் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: “ஸ்லாட் மெஷினில் மீதிப் பணத்தை வெளியே எடுக்க கேஷ் அவுட் பட்டனை அழுத்தினேன். டிக்கெட் பாதி வந்து நின்றது, இழுத்ததும் கிழிந்துவிட்டது. திரையில் கிரெடிட் பூஜ்யம். கிழிந்த துண்டை, டிக்கெட்டைப் பணமாக மாற்றித்தரும் கியோஸ்க் மெஷினில் போட்டால் ‘கேஷியரைப் பாருங்கள்’ என்று திருப்பித் தள்ளுகிறது. என் பணம் போய்விட்டதா? இது நிஜமாகவே கோளாறா, கேசினோ வேண்டுமென்றே செய்கிறதா?”

பணம் அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கையில் பிடித்திருக்கும் துண்டில் இல்லை. கேசினோவின் பின்னறையில் ஒரு சர்வரில், ஒற்றை வரிப் பதிவாக இருக்கிறது. அந்த வரியைத் தேடி எடுப்பதற்கான எண்தான் காகிதத்தில் அச்சாகிறது. கேசினோ ஒன்றின் ஸ்லாட் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். ஆறு வருஷம் இடுப்பில் சாவிக்கொத்தோடு மெஷின்களுக்கு நடுவே ஓடினேன். மூன்று வருஷம் டிக்கெட் தணிக்கையில் உட்கார்ந்து முந்தைய நாள் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடினேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்: டிக்கெட் கோளாறில் பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர், மெஷினை விட்டு எழுந்து போனதால் இழந்தவர்கள். உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட் எப்படி வந்தது என்று சுருக்கமாக. ஒரு காலத்தில் ஸ்லாட் மெஷின்கள் நாணயமாகவே கொட்டின. உள்ளே ஹாப்பர் என்ற ஒரு தொட்டி இருக்கும், அதன் அடியில் சுழலும் தட்டு ஒவ்வொரு நாணயமாகத் தள்ளிவிடும். ஹாப்பர் காலியாகும், நாணயம் சிக்கும், எண்ணும் சென்சார் ஒன்றை விட்டுவிடும். “இருநூறு வரணும், நூற்றுத் தொண்ணூற்றேழுதான் விழுந்தது” என்ற சண்டை அன்றாடம் நடந்தது. 2000க்குப் பிறகு அமெரிக்க கேசினோக்களில் டிக்கெட் முறை வேகமாகப் பரவி, சில வருஷங்களிலேயே நாணயத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டது. மெஷின் டிக்கெட் அடிக்கும், அந்த டிக்கெட்டை இன்னொரு மெஷினில் போட்டு ஆடலாம், அல்லது கியோஸ்க்கிலோ கேஷியரிடமோ பணமாக மாற்றலாம். நாணயச் சண்டை தீர்ந்தது. அதனிடத்தில் வேறு வகைச் சிக்கல் வந்து உட்கார்ந்தது.

நாணயம் விழுந்தால் பணம் உங்கள் கையில், விழாவிட்டால் மெஷினில். இடையில் வேறு இடம் கிடையாது. டிக்கெட்டில் மூன்று இடம் இருக்கிறது: மெஷினின் நினைவகம், காகிதம், சர்வர். மூன்றும் ஒரே கதையைச் சொல்லும்வரை யாரும் எதையும் கவனிப்பதில்லை. ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அதுதான் கோளாறு. தணிக்கையில் எந்தப் புகார் வந்தாலும் எங்கள் முதல் கேள்வி இதுதான்: மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகிறது?

காகிதத்தில் ஆரம்பிப்போம், உங்கள் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டின் நடுவே நீளமாக ஓடும் பார்கோடில் 18 இலக்க எண் ஒன்று இருக்கும். அதே எண் கீழே கண்ணால் படிக்கும்படியும் அச்சாகியிருக்கும். 18 என்பது கறாரான கணக்கு. இந்த வகைப் பார்கோடை ஸ்கேனர் அரைகுறையாகப் படித்தால் அதைவிடச் சிறிய, ஆனால் பார்வைக்குச் சரியான ஓர் எண்ணாகத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. அதனால் 18 இலக்கமும் முழுதாகக் கிடைக்காத எதையும் மெஷின் ஏற்காது. கிழிந்த டிக்கெட்டை கியோஸ்க் உடனே வெளியே தள்ளியதற்கு இதுதான் காரணம். அது உங்கள் பணத்தை மறுக்கவில்லை. எந்தப் பணம் என்றே அதற்குத் தெரியவில்லை.

இனி அந்தப் பாதி டிக்கெட். பிரிண்டர் என்பது மெஷினுக்குள் இருக்கும் தனிக் கருவி, அதற்கென்று சொந்த மூளை உண்டு. மெஷின் “இந்த எண்ணை, இந்தத் தொகையை அடி” என்று அனுப்பும். பிரிண்டர் அடித்துக்கொண்டே “காகிதம் இருக்கிறது”, “தலை மூடியிருக்கிறது”, “பார்கோடு முடிந்தது” என்று நிலையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. பார்கோடு முடிவதற்கு முன்பே காகிதம் சிக்கினால், டிக்கெட் அடிபடவில்லை என்று மெஷின் முடிவு செய்ய வேண்டும். கிரெடிட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மெஷின் பூட்டி, மேலே விளக்கு எரிந்து, ஆள் வரும்வரை நிற்க வேண்டும். பார்கோடு முடிந்த பிறகு சிக்கினால், டிக்கெட் நல்லதாகவே பிறந்துவிட்டது என்று மெஷின் எண்ணும். கிரெடிட் பூஜ்யமாகும், சர்வரில் வரி ஏறும்.

உங்கள் திரையில் பூஜ்யம் என்கிறீர்கள். மெஷின் பூட்டிக்கொண்டதாகவோ விளக்கு எரிந்ததாகவோ நீங்கள் சொல்லவில்லை. ஆகவே நடந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை: பார்கோடு முடிந்தது, அதன்பின் டிக்கெட் வாயில் மாட்டிக்கொண்டது, நீங்கள் இழுத்தீர்கள், கிழிந்தது. மிச்சத் துண்டு பிரிண்டரின் வாய்க்குள்ளேயே இருக்கும். டெக்னீஷியன் கதவைத் திறந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் மெஷின் தான் கடைசியாக அடித்த டிக்கெட்டுகளின் பட்டியலை நினைவில் வைத்திருக்கும்: எண், தொகை, தேதி, நேரம். தணிக்கைச் சாவி போட்டால் திரையில் வந்துவிடும். அதைச் சர்வரின் வரியோடு ஒப்பிட்டு, “இன்னும் பணமாக்கப்படவில்லை” என்று இருந்தால், கேஷியர் உங்களுக்குத் தரலாம். நான் பார்த்த இடத்தில் இது கால் மணி நேர வேலை.

இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிண்டர் சிக்கல்களுக்காக நான் திறந்த கதவுகளில் கணிசமானவை, ஆள் அவசரப்பட்டு இழுத்ததால் வந்தவை. டிக்கெட் வெளியே தலை காட்டியதும் பிடித்து இழுக்கத் தோன்றும். அந்த நேரத்தில் பின்பாதி உள்ளே அச்சுத்தலைக்கும் உருளைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும். இழுத்தால் கோணலாகும், அடுத்த டிக்கெட்டின் மடிப்பும் சேர்ந்து வரும், வரிசையே குலையும். வெளியே வந்து நின்ற பிறகு எடுத்தால் போதும்.

மற்ற காகிதக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சுத்தலையில் தூசு படிந்தால் கோடுகள் வெளிறும். கண்ணுக்கு எண் தெரியும், ஸ்கேனருக்குத் தெரியாது. இது வெப்பத்தால் கறுக்கும் காகிதம் என்பதால், வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்கடியில் ஒரு பகல் கிடந்தால் முழுக்கக் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் எழுத்து மங்கும். கைச் சுத்திகரிப்புத் திரவம் பட்டாலும் கெடும். இப்படிக் கெட்ட டிக்கெட்டுக்கும் மேலே சொன்ன வழிதான்: எந்த மெஷின், எந்த நேரம், எவ்வளவு தொகை என்று தெரிந்தால் சர்வர் வரியைக் கண்டுபிடித்துவிடலாம். தெரியாவிட்டால் வைக்கோற்போரில் ஊசி தேடும் கதை.

காகிதத்தைவிடச் சிக்கலானது மெஷினுக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் கம்பி. ஒரு டிக்கெட்டை நீங்கள் மெஷினுக்குள் போடும்போது நடப்பதைக் கவனியுங்கள். நோட்டு வாங்கும் கருவி பார்கோடைப் படித்து, டிக்கெட்டை முழுதாக விழுங்காமல் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். மெஷின் அந்த எண்ணைச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் பார்க்கும்: இப்படி ஒரு டிக்கெட் உண்டா, ஏற்கெனவே பணமாகிவிட்டதா, காலாவதியா, எவ்வளவு? எல்லாம் சரியென்றால், “எடுத்துக்கொள், தொகை இவ்வளவு” என்று சொல்லிவிட்டு, அந்த வரியை ‘நிலுவை’ என்று குறித்துக்கொள்ளும். ஏனென்றால் அதே நொடியில் யாரும் அதே எண்ணின் நகலை வேறு மெஷினில் போட்டுவிடக் கூடாது. மெஷின் டிக்கெட்டைத் தன் பணப்பெட்டிக்குள் தள்ளும், கிரெடிட்டை ஏற்றும், “முடிந்தது” என்று சர்வருக்குச் சொல்லும். அப்போதுதான் நிலுவை என்பது ‘செலுத்தப்பட்டது’ ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதுதான் இவ்வளவும்.

அந்த இமைப்பொழுதில் கம்பி அறுந்தால்? சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே அறுந்தால் தொல்லை இல்லை, டிக்கெட் உங்களிடமே திரும்பி வரும். சர்வர் சரி சொன்ன பிறகு, மெஷின் முடித்ததைச் சொல்வதற்கு முன்பு அறுந்தால்தான் வேதனை. டிக்கெட் பெட்டிக்குள் போயிருக்கலாம், கிரெடிட் ஏறாமல் இருக்கலாம், சர்வரில் நிலுவை என்றே நிற்கும். நிலுவையில் நிற்கும் டிக்கெட்டை கேஷியரும் தன் விருப்பத்துக்குத் தர முடியாது. அதைத் திறக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும், மெஷினின் பதிவு வேண்டும்.

ஒரு ஞாயிறு இரவு எங்கள் தளத்தின் ஒரு வரிசைக்கான நெட்வொர்க் பெட்டி தானாக அணைந்து எழுந்தது. மொத்தமே இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் வயதான அம்மா ஒருவர், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கைத்தடி நாற்காலியில் சாய்த்து வைத்தபடி, ஒரு டிக்கெட்டைப் போட்டார். உள்ளே போனது. கிரெடிட் ஏறவில்லை. அவர் மெஷினின் வாயைக் குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அழைப்பு பட்டனும் அதில் ஒன்று, ஆனால் அந்தச் சமயத்தில் அந்த வரிசையே நெட்வொர்க் இல்லாமல் இருட்டாக இருந்ததால் அவருடைய அழைப்பு யாருக்கும் போய்ச் சேரவில்லை. எட்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு, இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே நடந்தார். இதெல்லாம் நான் மறுநாள் கேமரா பதிவில் பார்த்தது.

காலையில் எண்ணும் அறையில் மெஷினின் பணப்பெட்டியைத் திறந்தபோது டிக்கெட் இருந்தது, சர்வரில் வரி நிலுவை, மெஷினில் கிரெடிட் ஏறியதற்கான பதிவே இல்லை. மூன்றில் இரண்டு ஒத்துப்போனது, பணம் அவருடையது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் யார்? உறுப்பினர் அட்டை போட்டு ஆடவில்லை. டிக்கெட்டில் பெயர் கிடையாது. கேமராவில் முகம் தெரிகிறது, முகவரி தெரியாது. வாசல் காவலரிடமும் அடுத்த ஷிப்ட் அட்டெண்டன்ட்களிடமும் படம் கொடுத்து வைத்தோம். அவர் வரவே இல்லை. அந்தத் தொகை உரிமை கோராத கணக்கில் போய்ச் சேர்ந்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் இரண்டு முறை திரும்பிப் பார்த்த அந்த முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதே வகைக் கோளாறு உலகறிய நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. 2022 ஜனவரி 8 அன்று லாஸ் வேகஸின் ட்ரெஷர் ஐலண்ட் கேசினோவில் ஒருவர் ஆடிய மெஷினில் 2,29,368.52 டாலர் ஜாக்பாட் விழுந்தது. தகவல் தொடர்புக் கோளாறால் அது மெஷினிலும் காட்டப்படவில்லை, ஊழியர்களுக்கும் தெரியவில்லை. ஜெயித்தது தெரியாமலே அவர் தன் ஊரான அரிசோனாவுக்குப் போய்விட்டார். பிறகு கண்டுபிடித்தபோது ஆள் இல்லை. நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் பல கேசினோக்களின் கேமரா பதிவுகளை மணிக்கணக்கில் பார்த்தது, சாட்சிகளை விசாரித்தது, மின்னணுக் கொள்முதல் பதிவுகளை அலசியது, வாடகைக் கார்ச் செயலியின் பயணத் தகவல்களைக்கூட வாங்கிப் பார்த்தது. கடைசியில் அவரைக் கண்டுபிடித்துப் பணத்தைக் கொடுத்தார்கள். இப்படி ஓர் அரசு அமைப்பு, தன் பணமே அல்லாத பணத்துக்காக, தனக்குப் பணம் வர வேண்டியிருப்பதே தெரியாத ஒருவரை வலை போட்டுத் தேடியதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட டாலர். சில்லறைத் தொகைக்கு யாரும் கார்ச் செயலி வரை போகமாட்டார்கள்.

கம்பி அறுந்திருக்கும்போது டிக்கெட் வெளியே வருமா என்றும் சிலர் கேட்பார்கள். அது அமைப்பைப் பொறுத்தது. சில இடங்களில் மெஷின் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சர்வரிடம் எண் கேட்டு வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் அடிக்காது, பூட்டிக்கொண்டு ஆளைக் கூப்பிடும். வேறு இடங்களில் மெஷினே தனக்குக் கொடுத்த அடையாளத்தையும் வரிசை எண்ணையும் வைத்து எண்ணை உருவாக்கிக்கொள்ளும், டிக்கெட் வரும். கம்பி திரும்பிய பிறகு பதிவைச் சர்வருக்கு அனுப்பும். இந்த இரண்டாவது வகையில் ஒரு சங்கடம்: டிக்கெட் அசல், பணம் அசல், ஆனால் நீங்கள் கியோஸ்க்குக்குப் போகும் நேரத்தில் சர்வர் அதைப் பற்றி இன்னும் கேள்விப்பட்டிருக்காது. “இப்படி ஒரு டிக்கெட் இல்லை” என்று திரை சொல்லும். போலி டிக்கெட் கொண்டுவந்தவரைப் போல அந்த மனிதர் கூனிக் குறுகி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அரை மணி கழித்துப் போட்டால் எடுத்துக்கொள்ளும். மெஷினின் பதிவு மேலே போவதற்கு முன் யாராவது அதன் நினைவகத்தை அழித்துவிட்டால்தான் உண்மையான ஆபத்து. அதனால்தான் நினைவக அழிப்புக்கு இரண்டு பேர் கையெழுத்து, முன்னும் பின்னும் மீட்டர் படம் என்று எங்கள் இடத்தில் கெடுபிடி வைத்திருந்தார்கள்.

ஒரு வரிசை இரண்டு நிமிஷம் இருட்டானதற்கே இத்தனை. ஒரு நிறுவனம் முழுதும் இருட்டானால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மேல் நடந்த சைபர் தாக்குதல் காட்டியது. செப்டம்பர் 11 அன்று தாக்குதலை அறிவித்தார்கள். பல மெஷின்கள் அணைந்தன. ஓடியவற்றில் டிக்கெட் போக்குவரத்து நின்றுபோனது, கியோஸ்க்குகள் வேலை செய்யவில்லை. ஊழியர்கள் கையால் ரசீது எழுதி, கையால் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். ஹோட்டல்களும் கேசினோக்களும் வழக்கம்போல் இயங்குகின்றன என்று செப்டம்பர் 20 அன்றுதான் நிறுவனம் சொன்னது. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று பின்னர் பங்குச் சந்தை அமைப்புக்குக் கணக்குக் கொடுத்தார்கள். இதை நான் சொல்வது வேறு காரணத்துக்காக. ‘டிக்கெட் முறை வேண்டுமென்றே கெடுக்கப்படுகிறதா?’ என்று கேட்டீர்களே, டிக்கெட் ஓடாத ஒவ்வொரு மணி நேரமும் கேசினோவுக்கே பணம் இழப்பு. பூட்டிய மெஷினில் யாரும் ஆட முடியாது. கையால் பணம் கொடுப்பதற்கு ஆள் வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும், மறுநாள் தணிக்கை வேண்டும். மெஷினில் கணித ரீதியாகவே கேசினோவுக்குச் சாதகம் அமைந்திருக்கிறது. அந்தச் சாதகம் வேலை செய்ய, மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துச் சம்பாதிக்கும் தேவை அவர்களுக்கு இல்லை.

ஆனால் அலட்சியம் உண்டு. அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. பிரிண்டரைத் துடைக்க வேண்டிய நாளில் துடைக்காமல் விடுவது, காகிதக் கட்டு தீரும் எச்சரிக்கை வந்தும் ஆள் இல்லாமல் காத்திருப்பது, புகார் சொல்பவரிடம் “எங்கள் சிஸ்டத்தில் ஒன்றும் காட்டவில்லை” என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிடுவது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு இன்றும் கோபம் தருகிறது. “காட்டவில்லை” என்பதற்கு “நடக்கவில்லை” என்று அர்த்தம் கிடையாது. சர்வர் மட்டும் பார்த்துச் சொல்பவர் மூன்றில் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார். மெஷினின் பதிவையும் பெட்டியையும் பார்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

இதோடு ஒட்டி இன்னொரு விஷயம், ஏனென்றால் இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ‘திரையில் கோடிக்கணக்கில் காட்டியது, கேசினோ கொடுக்க மறுத்தது’ என்ற செய்திகள். 2016 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கேசினோவில் ஒரு பெண்ணின் திரை 4,29,49,672.76 டாலர் என்று காட்டியது. கோளாறு என்றார்கள், உண்மையில் ஜெயித்தது 2.25 டாலர் என்றார்கள். அந்த மெஷின் தரக்கூடிய அதிகபட்சமே 6,500 டாலர். படிப்பவர்களுக்கு ஏமாற்று என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் வயிறு எரிந்தது. பிறகு அந்த எண்ணையே உற்றுப் பார்த்தேன். கணினியில் 32 பிட்டுகளால் எழுதக்கூடிய நிலைகள் 4,29,49,67,296. சென்ட் கணக்கில் வைத்தால் 4,29,49,672.96 டாலர். அதிலிருந்து வெறும் 20 சென்ட் கழியுங்கள்: 4,29,49,672.76. அதாவது எங்கோ ஒரு கணக்கில் 20 சென்ட் குறைந்து பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. குறை எண்ணை எழுத இடமில்லாத கட்டத்தில் எழுதியதால், வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் பூஜ்யத்திலிருந்து பின்னால் சுற்றினால் ஒன்பதுகளாக நிற்குமே, அப்படித் தலைகீழாக உச்சிக்குப் போய்விட்டது. இது என் கணிப்பு, ஆனால் எண் இவ்வளவு அச்சாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கொலராடோவின் சென்ட்ரல் சிட்டியில் 2010ல் இன்னொரு பெண்ணுக்குத் திரை காட்டியதும் கிட்டத்தட்ட இதே 4 கோடியே 29 லட்சம்தான்.

அயோவா மாநிலத்தில் 2011ல் ஒரு மூதாட்டிக்கு 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனஸ் என்று திரை சொன்னது. விளையாட்டின் விதிப்படி அவர் ஜெயித்தது 1.85 டாலர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2015ல் கேசினோவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. மெஷினில் எழுதியிருக்கும் விதிகளே ஒப்பந்தம், போனஸ் என்று எதுவும் அந்த விளையாட்டில் இல்லை என்பது சாரம். சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வயதில் ஒருவருக்கு அப்படி ஒரு நம்பிக்கையைத் திரையில் காட்டிப் பறித்ததற்கு, யந்திரம் செய்த கம்பெனிகளும் கேசினோக்களும் இன்னும் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் விஷயம் இதிலிருந்து வேறு என்பதைக் காட்டத்தான் இதைச் சொன்னேன். மெஷினில் ஒட்டியிருக்கும் ‘கோளாறு ஏற்பட்டால் எல்லா ஆட்டமும் பரிசும் செல்லாது’ என்ற வாசகத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள். அது ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பதில் நேர்ந்த கோளாறைப் பற்றியது. உங்கள் ஆட்டம் ஒழுங்காக முடிந்து, கிரெடிட் மீட்டரில் ஏறி, நீங்கள் அதை வெளியே எடுக்கக் கேட்ட பிறகுதான் பிரிண்டர் சிக்கியது. அந்தத் தொகை ஏற்கெனவே உங்களுடையது.

கேசினோ மறுத்தால் மேலே போக வழி இருக்கிறது. எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அங்கே உரிமம் கொடுக்கும் அமைப்புதான் கடைசிப் படி. எடுத்துக்காட்டாக நெவாடாவில், 500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையில் வாடிக்கையாளரோடு தகராறு தீராவிட்டால், கேசினோவே உடனடியாகக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால், வாரியத்திடம் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைக் கேசினோ சொல்லியாக வேண்டும். இது சட்டம், யாரும் செய்யும் உபகாரம் அல்ல. பல இடங்களில் இதற்கு இணையான ஏற்பாடு இருக்கிறது, பெயர்தான் மாறும்.

பெரிய ஜாக்பாட் விழுந்து டிக்கெட் வராமல் மெஷின் பூட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை. அமெரிக்காவில் நீண்ட காலம் 1,200 டாலர் என்று இருந்த வரி அறிக்கை வரம்பைத் தொட்டால், மெஷின் வேண்டுமென்றே நிற்கும். ஆள் வந்து அடையாள அட்டை பார்த்து, படிவம் நிரப்பி, கையில் பணம் கொடுப்பார்கள். கியோஸ்க்குகளின் சிக்கல் இன்னொரு வகை: ஐந்து நோட்டு தர வேண்டியதில் நான்கு வந்து ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும், அல்லது சில்லறை தீர்ந்து நாணயங்களுக்குப் பதில் சின்ன வவுச்சர் ஒன்று வரும். நோட்டு மாட்டினால் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். கியோஸ்க் தான் தள்ளிய ஒவ்வொரு நோட்டையும் எண்ணிப் பதிந்திருக்கும், மாலையில் பெட்டியில் ஒரு நோட்டு மிகுந்தால் உங்கள் பேச்சு நிரூபணமாகும். சில்லறை வவுச்சரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்படி விட்டுப் போகும் காகிதங்கள் எல்லாம் கூடி எவ்வளவு பெரிய தொகையாகும் என்பதற்கு ஒரு அடையாளம்: 2011ல் நெவாடா தனிச் சட்டமே கொண்டுவந்து, காலாவதியான ஸ்லாட் வவுச்சர்களின் தொகையில் 75 சதவீதம் மாநில அரசுக்குச் சேர வேண்டும் என்று வைத்தது. மீதி 25 சதவீதம் கேசினோவுக்கு. அதுவரை முழுவதும் கேசினோவிடமே தங்கியது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. துண்டை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எண்ணில் சில இலக்கங்களாவது தெரிந்தால் அது பெரிய உதவி. ஆனால் அந்தப் படத்தை இணையத்தில் எங்கும் போடாதீர்கள். டிக்கெட்டில் பெயர் கிடையாது, யார் கையில் எண் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். மெஷினின் நெற்றியிலோ பக்கத்திலோ சின்னத் தகடில் ஒரு எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டீர்கள் என்றால் எந்த வரிசை, எந்த விளையாட்டு, பக்கத்தில் என்ன இருந்தது என்பதை மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். பட்டனை அழுத்திய நேரம் ஏறக்குறைய எத்தனை மணி, மீட்டரில் கடைசியாகப் பார்த்த தொகை என்ன, உறுப்பினர் அட்டை போட்டிருந்தீர்களா என்பதும் வேண்டும். அட்டை போட்டிருந்தால் வேலை பாதி முடிந்தது, அந்த நிமிஷத்தில் அந்த மெஷினில் இருந்தது நீங்கள்தான் என்று சர்வரே சாட்சி சொல்லும்.

பிறகு கேஷியரிடம் போகாமல் நேரே ஸ்லாட் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். “என் டிக்கெட் பாதியில் கிழிந்தது, இந்த மெஷினின் கடைசி டிக்கெட் பட்டியலையும் சர்வரில் அந்த டிக்கெட்டின் நிலையையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இப்படிக் கேட்பவரை யாரும் ஒற்றை வாக்கியத்தில் அனுப்பமாட்டார்கள். பட்டியல் சின்னது, மெஷின் புதிதாக அடிக்க அடிக்க பழைய வரிகள் கீழே தள்ளப்பட்டு மறையும். கேமரா பதிவுகளுக்கும் ஆயுள் குறைவு. ஆகவே நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போங்கள்.